முதலில் விமானம் வாங்காதீர்கள்!

ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிட ஆசைப்படும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்னிடம் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்த விமானம் வாங்கலாம்?" நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன். இன்ஜினியரிங் படித்தவன் என்பதாலோ என்னவோ, சென்னையிலிருந்து விருத்தாசலம் வரும்போதெல்லாம் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். என் பதில் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. விமானத்தைக் கடைசியாக வாங்குங்கள் என்பதுதான் அந்தப் பதில். இந்த இதழைப் படிக்கும் உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதுதான் உங்கள் முதல் விமானம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சாதாரணமாக நடப்பது இதுதான். கடையிலோ ஆன்லைனிலோ இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு விமானம் கிடைக்கிறது. அட்டைப் பெட்டியின் மேல் மேகங்களுக்கு நடுவே அது பறப்பது போல் படம் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு சிறு மோட்டார்கள் வைத்த பொம்மை. ஒரு மோட்டாரை வேகமாகவும் மற்றொன்றை மெதுவாகவும் சுற்ற வைத்துத் திருப்புவார்கள். மூக்கை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் உதவும் எலிவேட்டர் பல மாடல்களில் இருக்காது. காற்று கொஞ்சம் பலமாக வீசினால் அது போகிற இடத்திற்கு நீங்கள் ஓட வேண்டியதுதான். இறக்கை உடைந்தால் ஸ்பேர் கிடைக்காது. அதன் ரிமோட்டை வேறு எந்த விமானத்திற்கும் பயன்படுத்த முடியாது. முதல் ஞாயிற்றுக்கிழமையே விமானம், ரிமோட், ஆசை மூன்றும் சேர்ந்து பரணுக்குப் போய்விடுகின்றன. போனது மூவாயிரம் ரூபாய் மட்டும் என்றால் பரவாயில்லை. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று அந்தப் பையனும் அவன் வீட்டில் உள்ளவர்களும் எடுக்கும் முடிவுதான் பெரிய நஷ்டம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு முழு செட்டாக வாங்குபவர்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் பழகாத கைக்கு நல்ல விமானமும் ஒன்றுதான், மோசமான விமானமும் ஒன்றுதான். இரண்டுமே சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விருத்தாசலம் செராமிக் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் பெயர் பெற்ற ஊர். பொம்மை செய்யும் பட்டறையில் முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு தயாராகும். அதில் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் களிமண் கெட்டியாகப் படியும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு பொம்மையை எடுத்து உலர வைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். பொம்மை ஒன்று கை தவறி உடைந்தால் யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை, அச்சு இருக்கிறதே! ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் அச்சு என்பது டிரான்ஸ்மிட்டரும், உங்கள் விரல்களில் ஏறியிருக்கும் பழக்கமும். விமானம் வெறும் பொம்மை. காசு எதில் போக வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே பத்தாயிரத்தில் பாதியை டிரான்ஸ்மிட்டருக்கு ஒதுக்குங்கள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சேனல் டிரான்ஸ்மிட்டர், ரிசீவரோடு சேர்த்து சுமார் ஐந்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. கடைக்குக் கடை விலை மாறும், விசாரித்து வாங்குங்கள். நான்கு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் எளிமையான கருவி. வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையாக இருக்க வேண்டும். பல விமானங்களின் செட்டிங்குகளை மெமரியில் வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைக்க நேரடி யூஎஸ்பி அல்லது சிமுலேட்டர் கேபிள் போடும் இடம் இருக்க வேண்டும். கடைசியாக, மோடு 2 என்று கேட்டு வாங்குங்கள். இதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கைப்பக்கம் இருக்கும். இங்கே பெரும்பாலோர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மைதானத்தில் உங்களுக்கு உதவ வருபவரும் அதில் பழகியவராக இருந்தால் நல்லதுதானே!

2.4 கிகாஹெர்ட்ஸ் என்றதும் வீட்டில் உள்ள வை-ஃபை ஞாபகத்திற்கு வந்திருக்கும். ஆம், அதே அலைவரிசைதான். 2005-ம் ஆண்டு முதல் இந்தியாவில் குறைந்த சக்தியில் இதைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்கு முன் மெகாஹெர்ட்ஸ் செட்டுகளின் காலத்தில், மைதானத்தில் இரண்டு பேரிடம் ஒரே சேனல் கிரிஸ்டல் இருந்துவிட்டால் ஒருவர் ஸ்விட்ச் போட்டதும் அடுத்தவர் விமானம் விழுந்துவிடும். இன்றைய செட்டுகள் அலைவரிசைக்குள்ளேயே இடம் மாறி மாறித் தாவுகின்றன. தன்னோடு இணைக்கப்பட்ட டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே ரிசீவர் கேட்கும்.

அடுத்தது கம்ப்யூட்டர். டிரான்ஸ்மிட்டரில் நேரடி யூஎஸ்பி இல்லை என்றால் முன்னூறு, நானூறு ரூபாயில் சிமுலேட்டர் கேபிள் கிடைக்கும். கேபிளை யூஎஸ்பி போர்ட்டில் செருகியதும் விண்டோஸ் அதை ஒரு ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும். பிக்காசிம் என்ற சிமுலேட்டரை இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். மொபைல் போன்களுக்காகவும் உருவாக்கப்பட்ட புரோகிராம் என்பதால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு எதையும் எதிர்பார்க்காது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ். காசு கொடுத்து வாங்கும் ரியல்ஃப்ளைட் போன்றவை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழகுவதற்கு இலவசமே போதும் என்பது என் கருத்து.

கீபோர்டிலோ கேம்பேடிலோ பழகலாமே, டிரான்ஸ்மிட்டர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேம்பேடின் இரண்டு குச்சிகளும் விட்டவுடன் நடுவுக்கு வந்து நிற்கும். டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் வைத்த இடத்தில் நிற்கும், மற்றவை மட்டுமே நடுவுக்கு வரும். குச்சி நகரும் தூரமும் வேறு. தப்பான கருவியில் பழகி, பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது இரட்டை வேலை.

சிமுலேட்டரில் என்ன பழக வேண்டும்? வானத்தில் குட்டிக்கரணம் போட அல்ல. முதலில் ஒரே உயரத்தில் வட்டம், பிறகு எட்டு போடுதல், பிறகு தரையிறக்கம். எல்லோருக்கும் உதைப்பது ஒரே இடம்தான். விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது. அதுவே திரும்பி உங்களை நோக்கி வரும்போது, நீங்கள் வலது கொடுத்தால் உங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். மூளை குழம்பும், விரல் பயத்தில் இன்னும் அழுத்தும், விமானம் தரையில். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உங்களை நோக்கி வரும் விமானத்தில் எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதில் பயனில்லை, விரல் தானாகச் செய்ய வேண்டும். நூறு முறை விழுந்தால்தான் அது வரும். கம்ப்யூட்டரில் நூறு முறை விழ ஆகும் செலவு, கரண்ட் பில் மட்டும்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. எழுதிய புரோகிராமை நேராக வாடிக்கையாளரின் சர்வரில் போட்டுச் சோதிப்பவர் யாரும் இல்லை. டெஸ்ட் மெஷினில் நூறு தடவை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறோம்.

என் சித்தி மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது சித்தி குறுக்கே வந்தார். "ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல கேம் ஆடாதடான்னு நான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா அஞ்சாயிரத்துக்கு ரிமோட்டு வாங்கிக் குடுத்து ஆடுன்னு சொல்றியே?" என்றார். நியாயமான கேள்வி. பெற்றோர் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால் பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கேமில் தோற்றாலும் ஜெயித்தாலும் அடுத்த லெவல் வரும். இதில் லெவல் கிடையாது. தினமும் அரை மணி நேரம், அதற்கு மேல் விரல் சோர்ந்துவிடும். தொடர்ந்து இருபது முறை உடைக்காமல் ஓடுபாதையில் இறக்கிக் காட்டினால் மீதிப் பணம், அதுவரை விமானம் கிடையாது என்று அவனோடு ஒப்பந்தம் போட்டோம். பதினான்கு வரை வந்து பதினைந்தாவதில் உடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறவனைப் பார்த்த பிறகு, சித்தி அதை கேம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருவேளை இரண்டு வாரத்தில் அவனுக்குச் சலித்துப்போனால்? அப்போதும் பாதிப் பணம் கையில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை வேறு யாரிடமாவது விற்கலாம். உடைந்த விமானத்தை விற்க முடியாது.

சிமுலேட்டரிலேயே எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் அடிக்கும் வெயில், தூரத்தில் புள்ளியாகிவிட்ட விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற குழப்பம், காசு பறக்கிறதே என்ற நடுக்கம், இவை எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது.

இப்போது விமானத்திற்கு வருவோம். முதல் விமானத்தை வாங்காமல் செய்துகொள்ளுங்கள் என்பேன். சிரமமான வேலை இல்லை. அமெரிக்காவின் ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் ஃபோம் போர்டில் செய்யக்கூடிய விமானங்களின் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். பிரிண்ட் எடுத்து, ஒட்டி, அளவு பார்த்து வெட்டலாம். ஃபோம் போர்டு கிடைக்காவிட்டால் டெப்ரான் ஷீட், அதுவும் இல்லாவிட்டால் நெருக்கமான தெர்மகோல். கடைகளில் விளம்பரப் பலகைக்கு விற்கும் சன் போர்டு வேண்டாம், எடை கூடும். ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ அல்லது வெள்ளை ஃபெவிகால். சாதாரண ஃபெவிக்விக்கைத் தெர்மகோலில் விட்டால் அந்த இடமே உருகிக் குழியாகிவிடும். மூங்கில் குச்சிகளையும் பிரவுன் டேப்பையும் வைத்து இறக்கைக்குப் பலம் கொடுக்கலாம்.

எப்படிப்பட்ட வடிவம்? இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு இறக்கை நுனிகளும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த அமைப்பு குச்சியை விட்டுவிட்டால் தானாகவே நேராக முயலும். போர் விமானம் மாதிரி வேண்டும் என்று பையன்கள் அடம் பிடிப்பார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். ரட்டர், எலிவேட்டர், த்ராட்டில் என்று மூன்று சேனல் போதும். ஒரு கணக்கு பாருங்கள். இறக்கை 100 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 1800 சதுர செ.மீ., அதாவது 18 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு மொத்த எடை 600 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 33 கிராம் வருகிறது. இந்த எண் குறையக் குறைய விமானம் மெதுவாகப் பறக்கும், உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். புதியவர்கள் 35-ஐத் தாண்ட வேண்டாம். எடை மையம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே விழ வேண்டும். 18 செ.மீ. அகலத்திற்கு நாலரையிலிருந்து ஆறு செ.மீ. அந்த இடத்தில் இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தூக்கிப் பாருங்கள். வால் பக்கம் சாய்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானம் பறக்காது என்று இல்லை, ஒரே ஒரு முறை பறக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். 2212 வகை 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் சுமார் 450 ரூபாய், 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர் 500, ஒன்பது கிராம் செர்வோ மோட்டார் மூன்று, அதில் ஒன்று ஸ்பேர், 350 ரூபாய். பத்து அங்குல புரொப்பல்லர் நான்கு, 250. இந்த மோட்டார் 3 செல் பேட்டரியில் சுமார் 800 கிராம் இழுவிசை தரும். 600 கிராம் விமானத்திற்கு இது தாராளம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பயப்பட வேண்டாம், மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். 2200 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி 1,600, சாதாரண பேலன்ஸ் சார்ஜர் 500, ஃபோமும் பசையும் 500. டிரான்ஸ்மிட்டர் 5,000, கேபிள் 400. கூட்டினால் 9,550. சார்ஜ் ஏற இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ஜில், பேட்டரியின் 80 சதவீதத்தைப் பயன்படுத்தி, சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம் பறக்கலாம்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இது மொபைல் பேட்டரியின் முரட்டு அண்ணன். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3.3-க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. பறக்காத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஆயிரம் ரூபாயில் கை வைக்காமல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வோல்டேஜ் அலாரம் ஒன்றை வாங்கிச் செருகிவிடலாம். உப்பிப் போன பேட்டரியை இன்னொரு முறை சார்ஜ் செய்து பார்க்கலாம் என்ற ஆசையே கூடாது. மெத்தை மேல், கம்ப்யூட்டர் மேஜை மேல், ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடவே கூடாது. வெளிநாட்டில் இதற்கென்று தீப்பிடிக்காத பை விற்கிறார்கள். நம் ஊரில் ஒரு பூந்தொட்டி போதும்! சூளையில் வெந்த மண் தொட்டிக்குள் பேட்டரியை வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு? கேமரா வைத்த ட்ரோன் வாங்கினால் தானே மேலே நிற்குமே" என்று சொல்பவர்கள் உண்டு. நிற்கும், உண்மைதான். கையை எடுத்துவிட்டாலும் நிற்கும். ஏனென்றால் அதைப் பறக்க வைப்பது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். படம் எடுக்க வேண்டும் என்றால் அது சரியான கருவி. பறத்தல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அது உதவாது. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி இரண்டாம் இடம் பெற்றது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். அவர் பல வருடங்களாக ரேடியோ கன்ட்ரோல் விமானங்கள் பறக்கவிடுபவர். ஆளில்லா விமானம் வடிவமைக்க நினைக்கும் மாணவனுக்கு, எடை மையம் அரை செ.மீ. தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று தெர்மகோலில் பார்த்த அனுபவம் கல்லூரிப் புத்தகத்தில் கிடைக்காது.

சட்ட விஷயம். 2021 ஆகஸ்ட் 25-ல் ட்ரோன் விதிகள் வெளியாயின. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அரசின் வான்வெளி வரைபடத்திலும், பதிவு செய்யும் நடைமுறையை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்திலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில் உள்ள நெய்வேலியில் சுரங்கம், அனல் மின் நிலையம், விமான தளம் எல்லாம் இருப்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் வரைபடம் பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இன்னொன்று, 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை உள்ளது, உதிரி பாகங்களுக்கு இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் மலிவாக இருக்கிறதே என்று ரெடிமேட் விமானத்தை ஆர்டர் செய்து கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்வதை விட, இங்கே உள்ள கடைகளில் பாகங்களாக வாங்குவது மேல்.

இடம்? முந்திரித் தோப்புப் பக்கம் போகாதீர்கள், விமானங்களை மரங்கள் திருப்பித் தருவதில்லை. ஜங்ஷன் பக்கம் ரயில் பாதைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது, அங்கே பேச்சே இல்லை. வேர்க்கடலை அறுவடை முடிந்த வயல், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. கோடையில் வறண்டு கிடக்கும் மணிமுக்தாறும் அகலமாகத்தான் இருக்கும், ஆனால் மணல் மோட்டாருக்குள் போய்விடும். காற்று எழும் முன், காலை ஆறரை மணிக்கு வாருங்கள். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை உங்களுக்குப் பின்னால் நிற்க வையுங்கள். அந்தப் புரொப்பல்லர் நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவது, விரலுக்கும் தெர்மகோலுக்கும் வித்தியாசம் பார்க்காது. வீட்டில் செட்டிங் பார்க்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். சிக்னல் போனால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி டிரான்ஸ்மிட்டரில் ஃபெயில்சேஃப் செட் செய்து, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து சோதித்துப் பாருங்கள். இதை மைதானத்தில் அல்ல, வீட்டிலேயே செய்துவிட வேண்டும்.

பிறகு காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, முக்கால் த்ராட்டில் கொடுத்து, நண்பரை நேராக வீசச் சொல்லுங்கள். மேலே வீச வேண்டாம், நேராக. விழுந்தால் மோட்டார், செர்வோ, ரிசீவரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வரைபடத்தை இன்னொரு முறை பிரிண்ட் போடுங்கள்.